பழைய போலோ: எந்த இன்ஜினை எடுப்பது, எதைப் பார்த்து எடுப்பது

கேள்வி இதுதான். கையில் ஆறு லட்சம், வீட்டில் நான்கு பேர், ஆபீஸ் போக வர தினம் 18 கிலோமீட்டர் சென்னை டிராஃபிக், மாதம் ஒரு தடவை மதுரை. ஃபோக்ஸ்வாகன் போலோ மேல் பல வருஷ ஆசை. 2015 ஜிடி டிஎஸ்ஐ (டர்போ பெட்ரோல், ஆட்டோமேட்டிக்) ஒன்று, 62,000 கிலோமீட்டர், சிங்கிள் ஓனர் என்று ஒரு புரோக்கர் காட்டியிருக்கிறார். எடுக்கலாமா, வேறு இன்ஜின் பார்க்கலாமா?

எடுக்கவே கூடாது என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஆறு லட்சத்தையும் வண்டிக்கே கொட்டிவிட்டு வெறுங்கையோடு நிற்பதாக இருந்தால் அந்த வண்டி வேண்டாம். பழைய போலோவில் எதை வாங்கினாலும் கையில் இருப்பதில் ஆறில் ஒரு பங்கை ரிப்பேருக்கென்று தனியாக எடுத்து வைத்துவிட்டு மீதிக்குத்தான் வண்டி தேட வேண்டும், ஜிடி டிஎஸ்ஐ என்றால் நாலில் ஒரு பங்கு. ஏன் என்பதற்குத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

முதலில் எந்த வருஷத்தில் எந்த இன்ஜின் வந்தது என்று தெரிந்துகொள்ளுங்கள், ஏனென்றால் விளம்பரம் போடுகிறவர்களில் பாதிப் பேர் இதைத் தப்பாகத்தான் போடுகிறார்கள். புனே பக்கத்தில் சாக்கன் ஆலையில் செய்து 2010-ல் விற்பனைக்கு வந்தபோது 1.2 லிட்டர் மூன்று சிலிண்டர் பெட்ரோல், 1.2 லிட்டர் மூன்று சிலிண்டர் டீசல், 1.6 லிட்டர் நாலு சிலிண்டர் பெட்ரோல் என்று மூன்று இருந்தன. 2013-ல் ஜிடி என்ற பெயரில் 1.2 டிஎஸ்ஐ டர்போ பெட்ரோல் ஆட்டோமேட்டிக்கோடும் 1.6 டிடிஐ டீசல் மேனுவலோடும் வந்தன. 2014 ஃபேஸ்லிஃப்டில் டீசல் எல்லாம் 1.5 நாலு சிலிண்டராக மாறியது. 2018-ல் சின்ன பெட்ரோல் 1.2 போய் 1.0 வந்தது. 2020 ஏப்ரலில் பிஎஸ்6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதி வந்ததும் டீசலும் போனது, ஜிடியில் இருந்த 1.2 டிஎஸ்ஐயும் போனது, அந்த இடத்துக்கு 1.0 டிஎஸ்ஐ வந்தது. 2022-ல் கதை முடிந்தது. கடைசியாக லெஜண்ட் எடிஷன் என்று 700 வண்டி விட்டார்கள், அது கையில் இருப்பவர்கள் விலையைக் கேட்டால் மயக்கம் வரும், அந்தப் பக்கமே போகாதீர்கள். ஸ்டிக்கருக்குத்தான் அந்தக் காசு.

இப்போது நீங்கள் கேட்ட ஜிடி டிஎஸ்ஐ. 1,197 சிசி, நாலு சிலிண்டர், 105 பிஎஸ் (குதிரைத்திறன்), இழுவை 175 நியூட்டன் மீட்டர். இன்ஜின் அருமை, அதில் சந்தேகமே இல்லை. திருச்சி ரோட்டில் எண்பதில் போய்க்கொண்டிருக்கும்போது ஒரு லாரியைத் தாண்ட வேண்டும் என்று காலை அழுத்தினால் வண்டி யோசிக்காமல் பாயும். பயம் இன்ஜினில் இல்லை, அதன் பின்னால் உட்கார்ந்திருக்கும் 7 கியர் டிஎஸ்ஜி பெட்டியில்தான். இது சாதாரண ஆட்டோமேட்டிக் இல்லை. உள்ளே இரண்டு கிளட்ச், இரண்டுமே ஆயிலில் மூழ்காத உலர் கிளட்ச். 1, 3, 5, 7 ஒரு கிளட்சில், 2, 4, 6-ம் ரிவர்ஸும் இன்னொரு கிளட்சில். இரண்டையும் மாற்றி மாற்றிப் பிடித்து விடுவது மெக்கட்ரானிக்ஸ் என்கிற ஹைட்ராலிக்கும் எலெக்ட்ரானிக்ஸும் சேர்ந்த ஒரு யூனிட். நெடுஞ்சாலையில் இது சொர்க்கம். பத்தடி நகர்ந்து நின்று மறுபடி பத்தடி நகரும் டிராஃபிக்கில் என்ன ஆகும் என்று யோசியுங்கள்: மேனுவல் வண்டியில் நீங்கள் அரை கிளட்சில் காலை வைத்துக்கொண்டே ஊர்ந்தால் என்ன ஆகுமோ அதுதான். சூடாகும், தேயும், அப்புறம் முதல் கியரிலிருந்து இரண்டாவதுக்குப் போகும்போது வண்டி ஒரு தடவை உடம்பை உதறும்.

அந்த உதறல் கிளட்ச் தேய்மானம் என்றால் செலவு ஒரு மாதிரி, மெக்கட்ரானிக்ஸ் போயிருந்தால் வேறு மாதிரி. அது போகும்போது மீட்டரில் கியர் எழுத்து மினுக்கும், ஸ்பேனர் படம் வரும், சில சமயம் இரட்டைப்படைக் கியர்கள் மட்டும் காணாமல் போகும், ரிவர்ஸும் அதே பக்கம் என்பதால் அதுவும் போகும். பார்க்கிங்கில் மூக்கை உள்ளே விட்டுவிட்டு வெளியே எடுக்க முடியாமல் நாலு பேரைக் கூப்பிட்டுத் தள்ள வேண்டியிருக்கும். எல்லா வண்டியிலும் இது நடக்கும் என்று சொல்லவில்லை, ஒரு லட்சம் தாண்டியும் அலுங்காமல் ஓடுகிற டிஎஸ்ஜி நிறைய உண்டு. ஆனால் உங்கள் ஓட்டத்தில் மாதம் 25 நாள் சென்னை டிராஃபிக். அந்தப் பெட்டிக்குப் பிடிக்காத வேலை அதுதான்.

சரி, மாற்று என்ன? என்னைக் கேட்டால் 1.0 டிஎஸ்ஐ மேனுவல். 999 சிசி, மூன்று சிலிண்டர், ஆனால் 110 பிஎஸ், அதே 175 நியூட்டன் மீட்டர். ஐடிலில் நாலு சிலிண்டரின் வழவழப்பு இருக்காது, ஒரு மெல்லிய நடுக்கம் ஸ்டீயரிங்கில் தெரியும், ஓட ஆரம்பித்ததும் மறந்துவிடும். 6 கியர் மேனுவல். ஆட்டோமேட்டிக்தான் வேண்டும் என்று வீட்டில் பிடிவாதம் என்றால் அதிலும் 6 கியர் டார்க் கன்வெர்ட்டர் வந்தது, அதாவது உலர் கிளட்சுக்குப் பதில் ஆயில் வழியாகச் சக்தியைக் கடத்தும் வழக்கமான ஆட்டோமேட்டிக். டிஎஸ்ஜி மாதிரி படக் படக்கென்று மாறாது, ஆனால் டிராஃபிக்கை அசராமல் தாங்கும். இதே இன்ஜின் குடும்பம் ஃபோக்ஸ்வாகன், ஸ்கோடா வண்டிகளான ரேபிட், வென்டோ, டைகுன், குஷாக், விர்டஸ், ஸ்லாவியா என்று இன்று வரை ஓடிக்கொண்டிருப்பதால் ஸ்பேர்ஸுக்கு இன்னும் பல வருஷம் கவலை இல்லை. ஒரே குறை விலை. 2020-க்கு அப்புறம் வந்த வண்டி என்பதால் உங்கள் பட்ஜெட்டை இழுக்கும், கொஞ்சம் அதிகம் ஓடிய வண்டியாகப் பார்க்க வேண்டியிருக்கும். 2015 மாடல் 62,000 ஓடியதைவிட 2020 மாடல் 85,000 ஓடியது எனக்கு நிம்மதி.

1.5 டிடிஐ டீசலையும் தள்ளிவிடாதீர்கள். நாலு சிலிண்டர், 90 பிஎஸ், 230 நியூட்டன் மீட்டர். ஜிடி டிடிஐ என்றால் 105 பிஎஸ், பிற்பாடு 110, இழுவை 250 நியூட்டன் மீட்டர். மாதம் 1,300, 1,400 கிலோமீட்டர் உங்கள் ஓட்டம், அதில் 900 மதுரை போய் வருவது, அந்தக் கணக்குக்கு டீசல் சரிதான். வெறும் 9 கிலோமீட்டர் போய் நிறுத்தி, மாலை 9 கிலோமீட்டர் வந்து நிறுத்தி, இதுவே மாதம் முழுக்க என்றால் டீசலை வேண்டாம் என்றிருப்பேன், ஏனென்றால் இன்ஜின் சூடாவதற்குள் வீடு வந்துவிடும், புகையில் ஒரு பகுதியை மறுபடி இன்ஜினுக்கே அனுப்பும் இஜிஆர் வால்வில் கரி போய் அடையும். மாதம் ஒரு நீள ஓட்டம் கிடைக்கிற வண்டிக்கு அந்தத் தொல்லை குறைவு.

இந்த டீசலில் இரண்டு விஷயம் கேட்டே ஆக வேண்டும். ஒன்று டைமிங் பெல்ட். செயின் இல்லை, ரப்பர் பெல்ட். அறுந்தால் பிஸ்டனும் வால்வும் மோதி ஹெட் காலி, வண்டி விலையில் பெரிய துண்டு போய்விடும். கம்பெனி சொன்ன கிலோமீட்டர் இன்னும் வரவில்லை சார் என்று விற்பவர் சொல்வார். சொல்லட்டும். பத்து வருஷம் இன்ஜின் சூட்டில் கிடந்த ரப்பருக்குக் கிலோமீட்டர் கணக்கு தெரியாது. மாற்றிய பில் இருந்தால் சரி, இல்லை என்றால் மாற்றும் செலவை விலையில் கழியுங்கள். வாட்டர் பம்ப்பும் அதே பெல்ட்டில்தான் சுற்றுகிறது, பெல்ட்டோடு அதையும் பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனரையும் சேர்த்து மாற்றினார்களா என்று பில்லில் பாருங்கள். பெல்ட் மட்டும் மாற்றியிருந்தால் அரை வேலை.

இரண்டாவது அந்தப் பழைய புகை விவகாரம், புகைச் சோதனையை ஏமாற்ற டீசல் வண்டிகளில் கம்பெனியே சாஃப்ட்வேர் வைத்தது. இந்த 1.2, 1.5, 1.6 டீசல் எல்லாமே இஏ189 என்ற குடும்பம். 2015 டிசம்பரில் இந்தியாவில் ஃபோக்ஸ்வாகன், ஸ்கோடா, ஆடி மூன்றிலும் சேர்த்துச் சுமார் 3.23 லட்சம் வண்டிகளைச் சாஃப்ட்வேர் மாற்றத் திரும்ப அழைத்தார்கள். நீங்கள் பார்க்கும் வண்டிக்கு அந்த வேலை நடந்ததா இல்லையா என்று சர்வீஸ் பதிவில் இருக்கும். அதைத் தாண்டி இதில் பயப்பட ஒன்றும் இல்லை.

மற்ற இன்ஜின்களை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். 1.2 பெட்ரோல் 75 பிஎஸ், 1.0 சாதா பெட்ரோல் 76 பிஎஸ், இரண்டுமே டர்போ இல்லாதவை. நகருக்குள் ஒருவர் இருவர் போக நன்றாகவே ஓடும், செலவும் குறைவு. நான்கு பேர், டிக்கி நிறைய சாமான், ஏசி போட்டு வத்தலகுண்டிலிருந்து கொடைக்கானல் ஏறினால் ஏசியை அணைக்கலாமா என்று நீங்களே கேட்பீர்கள். 1.2 டீசல் மைலேஜ் கொடுக்கும், கூடவே சத்தத்தையும் அதிர்வையும் கொடுக்கும், வயதும் ஆகிவிட்டது.

1.6 பெட்ரோல்தான் யாரும் கவனிக்காத வண்டி. 105 பிஎஸ், டர்போ கிடையாது, டிஎஸ்ஜி கிடையாது, எந்த நல்ல மெக்கானிக்கும் தலை சொறியாமல் பார்க்கக்கூடிய இன்ஜின். ஆனால் முதல் சில வருஷங்கள்தான் வந்தது, அதனால் 15 வருஷப் பதிவு முடிகிற நேரம். 2011 வண்டி என்றால் 2026-ல் ஆர்சி புதுப்பிக்க வேண்டும், அப்புறம் ஐந்து ஐந்து வருஷமாக, பசுமை வரி வேறு. ஆசைக்கு இரண்டாவது வண்டியாக வைத்துக்கொள்ளலாம், குடும்பத்துக்கு ஒரே வண்டி என்றால் நான் எடுக்க மாட்டேன். இன்னொன்று, 2014-க்கு முன் வந்த கீழ் மாடல்களில் ஏர்பேக் கிடையாது. அந்த வருஷம் குளோபல் என்கேப் என்ற அமைப்பின் மோதல் சோதனையில் ஏர்பேக் இல்லாத போலோ பூஜ்யமும் இரண்டு ஏர்பேக் உள்ளது நாலு ஸ்டாரும் வாங்கியது, அதற்குப் பின்தான் எல்லா மாடலுக்கும் இரண்டு ஏர்பேக் போட்டார்கள். பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு நெடுஞ்சாலை போகிறவருக்கு இதற்கு மேல் சொல்லத் தேவையில்லை. பின் சீட்டு குறுகல் என்பதும் உங்களுக்குத் தெரியும் என்று நினைக்கிறேன். வளர்ந்த பிள்ளைகள் என்றால் வாங்கும் முன் ஒரு தடவை உட்காரவைத்துப் பாருங்கள், இல்லாவிட்டால் மதுரை வரை முட்டி உங்கள் முதுகில்தான்.

இனி வண்டியைப் பார்க்கப் போகும் நாள். காலையில் போங்கள், இத்தனை மணிக்கு வருகிறேன் என்று சொல்லிவிட்டு அரை மணி நேரம் முன்னாலேயே போங்கள். போனதும் செல்ஃப் அடிக்காமல் பானட்டைத் திறந்து கையை வைத்துப் பாருங்கள். ஒரு தடவை நண்பருக்காக வேறு ஒரு கம்பெனி வண்டி பார்க்கப் போனேன். வீட்டு வாசலில் தார்ப்பாய் போட்டு மூடி வைத்திருந்தார்கள், நாலு நாளாக எடுக்கவே இல்லை சார் என்றார்கள். பானட் இளஞ்சூடாக இருந்தது. குளிரில் ஸ்டார்ட் செய்தால் வரும் சத்தத்தையும் புகையையும் மறைக்க, நாங்கள் வருவதற்குள் ஓட்டிச் சூடாக்கி, அதன் மேல் தார்ப்பாயையும் போட்டிருக்கிறார்கள். நாங்கள் தண்ணீர்கூட குடிக்காமல் திரும்பிவிட்டோம்.

குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்தவுடன் முதல் சில வினாடிகள் காதைக் கொடுங்கள். கட கடவென்று உலோகச் சத்தம் வந்து அடங்கினால் அதை ஒரு மெக்கானிக் கேட்காமல் பணம் கொடுக்காதீர்கள். டர்போ வண்டியில் பின்னால் ஒருவரை நிறுத்தி நீலப் புகை வருகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். கூலன்ட் டப்பாவில் அளவு சரியா, பிளாஸ்டிக் ஹவுசிங் பக்கங்களில் காய்ந்த இளஞ்சிவப்புக் கறை இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். கறை இருந்தால் எங்கோ கசிகிறது என்று அர்த்தம், டாப் அப் செய்தே ஓட்டியிருக்கிறார்கள்.

ஓட்டும்போது பாட்டை அணைத்துவிட்டு, கண்ணாடியை இறக்கி, மேடு பள்ளமான தெருவில் 20-ல் போங்கள். முன்னால் டொக் டொக் என்றால் லிங்க் ராட், புஷ், ஸ்ட்ரட் மவுன்ட் என்று சஸ்பென்ஷன் சாமான் தேய்ந்திருக்கிறது, இதெல்லாம் நம் ரோட்டுக்குப் போலோவில் சகஜம், பேரம் பேசப் பயன்படும், வண்டியை நிராகரிக்கத் தேவையில்லை. நாலு கதவையும் மூடிய பின்னும் மீட்டர் கதவு திறந்திருப்பதாகக் காட்டினால் பூட்டுக்குள் இருக்கும் மைக்ரோ சுவிட்ச் போயிருக்கிறது, இதுவும் போலோவின் வழக்கமான வியாதி, உயிருக்கு ஆபத்தில்லை. ஏசியைப் போட்டு இருபது நிமிஷம் வைத்திருங்கள், குளிர் குறையாமல் வருகிறதா என்று பாருங்கள்.

டிஎஸ்ஜி என்றால் அரை மணி நேரமாவது டிராஃபிக்கில் ஓட்டிச் சூடாக்கிய பிறகுதான் பரீட்சை. பிரேக்கிலிருந்து காலை எடுத்து ஆக்சிலரேட்டர் கொடுக்காமல் ஊரவிடுங்கள், உதறாமல் நகர வேண்டும். மேடான பார்க்கிங் சரிவில் ரிவர்ஸில் மெல்ல ஏற்றுங்கள். 2-லிருந்து 1-க்கு இறங்கும்போது இடி விழுகிற மாதிரி தட்டினால் சாவியைக் கொடுத்துவிட்டு வந்துவிடலாம்.

கிலோமீட்டரை நம்பாதீர்கள். மீட்டரைத் திருப்புவது இன்று லேப்டாப் வைத்திருக்கும் பையன் செய்யும் வேலை. சேசிஸ் நம்பரை வைத்து கம்பெனி சர்வீஸ் ஹிஸ்டரி கேளுங்கள், ஓனர் மனசு வைத்தால் வாங்கித் தரலாம், மறுத்தால் அந்த மறுப்பே ஒரு பதில். இந்த வண்டிக்கு 15,000 கிலோமீட்டர் அல்லது ஒரு வருஷம் என்பது சர்வீஸ் கணக்கு, ஆக 2015 வண்டிக்கு வருஷத்துக்கு ஒரு பதிவாவது இருக்க வேண்டும். 2018-ல் 58,000 என்று ஒரு பதிவு, அப்புறம் ஒன்றுமே இல்லை, இன்று மீட்டரில் 62,000 என்றால் கதை புரிந்துவிடும். வெளியில் சர்வீஸ் விட்டிருந்தால் தப்பில்லை, பில்லும் அதில் போட்ட ஆயிலின் தரக் குறியீடும் இருக்கட்டும். டயரையும் பாருங்கள், பக்கவாட்டில் நாலு இலக்கம் இருக்கும், 2315 என்றால் 2015-ன் 23-வது வாரம். ஒரிஜினல் டயர் என்று பெருமையாகச் சொன்னால், பத்து வருஷ ரப்பரில் குடும்பத்தை ஏற்றப் போகிறோம் என்று அர்த்தம், நாலு டயர் விலையைக் கழியுங்கள்.

சென்னை வண்டி என்பதால் வெள்ளத்தைத் தனியாகச் சொல்கிறேன். 2015 டிசம்பர், 2023 மிக்ஜாம், இரண்டிலும் நீரில் நின்ற வண்டிகள் ஷாம்பு போட்டுக் கழுவி இன்னும் சந்தையில் சுற்றுகின்றன. நீங்கள் பார்ப்பதே 2015 வண்டி. சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுங்கள், வழக்கமாக உள்ளே சுருண்டே கிடக்கும் அந்தக் கடைசி ஒரு அடியில் பழுப்புக் கோடு இருந்தால் தண்ணீர் அது வரை நின்றிருக்கிறது. சீட்டுக்கு அடியில் தண்டவாளம் மாதிரி இருக்கும் ரெயிலின் போல்ட்டில் துரு, டிக்கியில் ஸ்டெப்னி குழியின் ஓரத்தில் மாவு மாதிரி வண்டல், இதெல்லாம் கழுவினாலும் போகாது. வெள்ளம் பார்த்த வண்டியில் இன்ஜின் பிழைத்துக்கொள்ளும், வயரிங் பிழைக்காது, ஒவ்வொரு மழைக்கும் ஒரு புது லைட் எரியும்.

காகிதம். பரிவாஹன் தளத்தில் நம்பரைப் போட்டு எத்தனையாவது ஓனர், கடன் பதிவு இருக்கிறதா, அபராதம் பாக்கியா என்று பாருங்கள். கடன் முடிந்தது என்று வாயால் சொன்னால் போதாது, பேங்க் என்ஓசியும் (ஆட்சேபனை இல்லை என்ற கடிதம்) கடன் பதிவை நீக்கும் படிவம் 35-ம் வேண்டும். பெயர் மாற்றும் படிவம் 29, 30-ல் கையெழுத்து மட்டும் வாங்கி வைத்துக்கொண்டு அப்புறம் மாற்றிக்கொள்ளலாம் என்று விடாதீர்கள். இன்சூரன்ஸை 14 நாளுக்குள் உங்கள் பெயருக்கு மாற்ற விண்ணப்பியுங்கள், பழைய ஓனரின் நோ கிளைம் போனஸ் அவரோடு போய்விடும், அது உங்களுக்கு வராது. டெல்லி நம்பர் டீசல் போலோ சல்லிசாக வருகிறது என்று யாராவது ஆசை காட்டினால், பத்து வருஷம் தாண்டிய டீசல் மேல் அங்கே வந்த கெடுபிடிதான் அந்தச் சல்லிசுக்குக் காரணம். வேறு மாநிலத்துக்கு மாற்ற அங்கே படிவம் 28 என்ஓசி, இங்கே மறுபடி ஆயுள் வரி, அலைச்சல் எல்லாம் கூட்டினால் சல்லிசு கரைந்துவிடும்.

ஆக உங்களுக்கு என் வரிசை: கிடைத்தால் 1.0 டிஎஸ்ஐ மேனுவல், இல்லை என்றால் 2016-க்குப் பின் வந்த, பெல்ட் மாற்றிய பில் உள்ள 1.5 டிடிஐ, அதற்கும் அப்புறம்தான் ஜிடி டிஎஸ்ஐ. அந்தப் புரோக்கரிடம் இப்போதைக்கு விலை பேசாதீர்கள். சேசிஸ் நம்பர் மட்டும் கேளுங்கள். கொடுத்தால் ஹிஸ்டரியை எடுத்து, கிளட்ச் அல்லது மெக்கட்ரானிக்ஸ் எந்த வருஷம் மாற்றியிருக்கிறது என்று முதலில் தேடுங்கள். மாற்றியிருந்தால் பயப்படாதீர்கள், மாற்றாத வண்டியைவிட அதுதான் உங்களுக்கு நல்லது. சனிக்கிழமை காலை பார்க்கப் போவதாக இருந்தால் வெள்ளி இரவே வண்டியை எடுக்க வேண்டாம் என்று சொல்லி வையுங்கள், அப்புறம் பானட்டில் கையை வைத்துப் பாருங்கள்.